மாடி எடுக்கப் போறீங்களா? டைல்ஸ் கடைக்கு முன்னாடி இ.பி. ஆபீஸ் போங்க

வீட்டுக் கடன் பத்தி வீடியோ போட்டதுல இருந்து தூத்துக்குடி பக்கத்து நண்பர்கள் கிட்ட இருந்து ஒரே மாதிரி கேள்வி வருது. "அப்பா கட்டின வீடு இருக்கு. மேல ரெண்டு மாடி எடுக்கணும், கீழயும் புதுப்பிக்கணும். பட்ஜெட் இடிக்குது, எதுல குறைக்கலாம்?"

என் பதில் இதுதான். டைல்ஸ்ல குறைங்க. ஃபால்ஸ் சீலிங் வேண்டாம்னு சொல்லுங்க. மாடுலர் கிச்சனை அடுத்த போனஸுக்குத் தள்ளிப் போடுங்க. கரண்ட் வேலையில மட்டும் கை வைக்காதீங்க. மாடிக்கு மாடி கரண்ட்டை எப்படிப் பிரிக்கிறோம்ங்கிறதுதான் அந்த வீட்டை அடுத்த இருபது வருஷம் நடத்துற செலவைத் தீர்மானிக்குது. ஆனா நம்ம வீடுகள்ல அந்த முடிவை எடுக்கிறது யாருன்னு பாருங்க. கான்கிரீட் போட்டு, சுவர் எழுப்பி, பூச்சு வேலைக்கு கொத்தனார் வந்து நிக்கும்போது, அவசரமா போன் பண்ணிக் கூப்பிடுற எலக்ட்ரீஷியன்.

அவரும் என்ன பண்ணுவார்? "பாயிண்டுக்கு இவ்வளவு தம்பி" என்பார். நாமளும் பாயிண்டை எண்ணிப் பெருக்கி, சரின்னு தலையாட்டிடுவோம். இந்தப் பாயிண்ட் கணக்குல எனக்கு நம்பிக்கையே கிடையாது. ஒரு லைட், ஒரு ஃபேன், ஒரு பிளக் எல்லாம் அதுல வந்துரும். ஆனா மீட்டர்ல இருந்து ரெண்டாவது மாடிக்கு ஏறுற மெயின் வயர் எத்தனை சதுர மில்லிமீட்டர், ஒவ்வொரு மாடிக்கும் தனி டி.பி. பாக்ஸ் உண்டா, எர்த் குழி புதுசா, நியூட்ரல் தனியா வருதா, இதெல்லாம் பாயிண்ட் கணக்குக்குள்ள வராது. காசு மிச்சம் பிடிக்கணும்னா முதல்ல வெட்டு விழுறது இங்கதான். பார்த்தா தெரியாதே!

முதல்ல லோடு கணக்கு. அப்பா காலத்து வீட்டுக்கு சிங்கிள் பேஸ் இணைப்புதான் இருக்கும். நாலு ட்யூப்லைட், மூணு ஃபேன், ஒரு டிவி, ஒரு கிரைண்டர்னு நினைச்சு வாங்கினது. இன்னைக்கு ஒரு மாடிக்கு மட்டும் கூட்டிப் பாருங்க. ஒரு ஏ.சி. 1,500 வாட், கீசர் 2,000, அயர்ன் பாக்ஸ் 1,000, தண்ணி மோட்டார் ஒரு குதிரைத் திறன்னா 750, ஃபிரிட்ஜ், லைட், ஃபேன் எல்லாம் சேர்த்து 700. கிட்டத்தட்ட 6 கிலோவாட் ஆச்சு. இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தா இன்னொரு 2. மூணு தளத்துக்கும் சேர்த்தா 18, 20 கிலோவாட். எல்லாம் ஒரே நேரத்துல ஓடாது, உண்மைதான். ஆனா ஏப்ரல் மாசம் ராத்திரி பத்து மணிக்கு மூணு தளத்துலயும் ஏ.சி. ஓடத்தான் செய்யும்.

தமிழ்நாட்டுல சிங்கிள் பேஸ் இணைப்புக்கு 4 கிலோவாட் தான் வரம்பு. அதுக்கு மேல த்ரீ பேஸ். ஏன்னு கணக்கா பாத்தா புரியும். 20 கிலோவாட்டை ஒரே பேஸ்ல இழுத்தா 87 ஆம்பியர் ஓடும். மூணு பேஸ்ல சமமா பிரிச்சா ஒவ்வொரு பேஸ்லயும் 30 ஆம்பியருக்குள்ள முடிஞ்சிரும். வயர் சூடாகுறது ஆம்பியரோட வர்க்கத்தைப் பொறுத்தது, அதாவது ஆம்பியர் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. பழைய வீட்டோட மெயின் வயரை அப்படியே மேல நீட்டி ரெண்டு மாடியையும் அதுல தொங்க விடுறது எவ்வளவு ஆபத்துன்னு இதுக்கு மேல விளக்க வேண்டியதில்ல.

சரி, இப்ப நம்ம சப்ஜெக்ட்டுக்கு வருவோம். பணம்.

தமிழ்நாட்டு வீட்டு மின் கட்டணம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, படிப்படியா ஏறுற கட்டணம். முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் 10-ல இருந்து வந்த அட்டவணையை வெச்சு கணக்கு போடுறேன். அதுக்கப்புறம் ரேட் கொஞ்சம் ஏறியிருக்கு, ஆனா படிக்கட்டோட வடிவம் அதேதான். 500 யூனிட்டுக்குள்ள இருந்தா 101-200 ரூ.2.25, 201-400 ரூ.4.50, 401-500 ரூ.6. 500-ஐத் தாண்டிட்டா கணக்கே வேற. 101-ல இருந்து 400 வரைக்கும் ரூ.4.50, 500 வரைக்கும் ரூ.6, 600 வரைக்கும் ரூ.8, 800 வரைக்கும் ரூ.9, 1,000 வரைக்கும் ரூ.10, அதுக்கு மேல ரூ.11.

500 யூனிட் ஓடினா பில் 1,725 ரூபாய். 510 ஓடினா 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! கீழ்ப்படியில கிடைச்ச சலுகை மொத்தமா பறிபோறதால வர்ற விலை இது.

இப்ப மூணு தளம். கீழ அப்பா அம்மா, முதல் மாடியில நீங்க, மேல வாடகைக்கு. ஆளுக்கு 300 யூனிட்னு வெச்சுக்குவோம். மூணும் ஒரே மீட்டர்ல ஓடினா 900 யூனிட், பில் 5,550 ரூபாய். தனித்தனி மீட்டர்னா ஒவ்வொண்ணும் 675, மொத்தம் 2,025. வித்தியாசம் ரெண்டு மாசத்துக்கு 3,525. வருஷத்துக்கு 21,150. கரண்ட் வேலைக்குன்னு ஒன்றரை லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 வருஷம்னு எடுத்தா இ.எம்.ஐ. மாசம் சுமார் 3,190 வரும். அதுல பாதிக்கு மேல, அதாவது மாசம் 1,760 ரூபாய், இந்த ஒரு பிரிப்புலயே திரும்ப வருது. எஸ்.ஐ.பி.யில அரை சதவீதம் கூட வருமான்னு தேடித் தேடி ஃபண்ட் மாத்துற நாம, இதைக் கவனிக்கிறதே இல்ல.

ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டதும் சிலர், "அப்ப எங்க வீட்டு ஹாலுக்கு ஒண்ணு, பெட்ரூமுக்கு ஒண்ணு வாங்கிடலாமா?"னு கிளம்புவாங்க. முடியாது. ஒரே குடும்பம் ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு இணைப்பு வெச்சு இலவச யூனிட்டை ரெட்டிப்பா வாங்குறதை மின் வாரியம் ஏத்துக்காது, நானும் ஏத்துக்க மாட்டேன். தனி சமையலறை, தனி வாசல், தனிக் குடித்தனம், இதுக்குத்தான் தனி மீட்டர். அப்போ மாடிப்படியை எங்க வைக்கிறீங்கங்கிறதே மின் கட்டணக் கேள்வி ஆயிடுது பாருங்க. படி வீட்டுக்குள்ள ஹால்ல இருந்து ஏறினா, மேல இருக்கிறது தனி வீடுன்னு காட்டுறது கஷ்டம். வெளிப்புறப் படி வெச்சா சுலபம். அதனாலதான் பிளான் வரையும்போதே உங்க ஏரியா செக்‌ஷன் ஆபீஸ்ல போய் ஒரு தடவை பேசிடுங்கன்னு சொல்றேன். கட்டுமான வேலைக்குத் தற்காலிக இணைப்பு வேணுமான்னும் அங்கயே கேட்டுக்கலாம்.

கீழ சின்னதா ஒரு கடை போட்டு வாடகைக்கு விடுற யோசனை இருந்தா அதுக்கு வணிக இணைப்பு தனியா வாங்குங்க. வீட்டுக் கரண்ட்ல கடை ஓட்டிப் பிடிபட்டா, 2003 மின்சாரச் சட்டத்தோட 126-வது பிரிவுல ரெண்டு மடங்கு கட்டணம் போடுவாங்க. மீட்டர் இருக்கிறது அப்பா பேர்ல, அதனால நோட்டீஸும் அப்பா பேருக்குத்தான் வரும்.

மேல்மாடி வாடகைக்கு சப் மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வாங்குற வழக்கம் நம்ம ஊர்ல எங்கயும் உண்டு. நீங்களே பெங்களூர்லயோ சென்னையிலயோ அப்படி ஒரு வீட்டுல வாடகைக்கு இருந்துட்டு, வீட்டுக்காரரைத் திட்டிக்கிட்டே இருந்திருப்பீங்க. நீங்க வீட்டுக்காரர் ஆகும்போது தனி இணைப்பு கொடுத்துட்டா அந்தச் சண்டையே கிடையாது. 100 யூனிட் இலவசமும் அவங்களுக்கே போகும், வாடகையும் ஒழுங்கா வரும்.

மீட்டரைப் பிரிச்சாச்சு. அடுத்தது, இந்தக் கடற்கரைக்கே உரிய விஷயம். திரேஸ்புரத்துல இருந்து காயல்பட்டினம், மணப்பாடு வரைக்கும், முத்துக்குளித்துறைன்னு பேர் வாங்கின இந்தக் கரை முழுக்க, காத்துல உப்பு. நாட்டு உப்பு உற்பத்தியில குஜராத்துக்கு அடுத்து தமிழ்நாடு நிக்குதுன்னா அதுக்குப் பெரும்பாலும் நம்ம உப்பளங்கள்தான் காரணம். அந்த உப்பு உங்க மீட்டர் போர்டுக்குள்ளயும் போகுது. பீச் ரோடு பக்கம் பழைய வீட்டு மெயினைத் திறந்து பாருங்க, செம்பு பச்சை பூத்திருக்கும், ஸ்குரூ துருப்பிடிச்சு நிக்கும். போஸ்ட்ல இருந்து வர்ற அலுமினிய வயரும் வீட்டுச் செம்பு வயரும் சேருற இடம் ரொம்ப மோசம். ரெண்டு வேற வேற உலோகம் சேருற இடத்துல உப்பு ஈரம் பட்டா அரிப்பு வேகமா நடக்கும். அங்க அதுக்குன்னே இருக்கிற பைமெட்டல் லக் போடணும். விலை சில நூறு ரூபாய்க்குள்ளதான். "முறுக்கி டேப் சுத்திருவோம் தம்பி"ன்னா விடாதீங்க.

ஏன் இவ்வளவு பிடிவாதம்னா, அந்த இடத்துல நியூட்ரல் விட்டுப் போச்சுன்னா நடக்கிறது பயங்கரம். த்ரீ பேஸ் வீட்டுல வழக்கமா ஒரு மாடிக்கு ஒரு பேஸ்னு பிரிப்பாங்க. நல்ல முறைதான். ஆனா மூணுக்கும் பொதுவான நியூட்ரல் அறுந்தா, ரெண்டு மாடியும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா 415 வோல்ட்டுக்கு நடுவுல மாட்டிக்கும். கீழ ஏ.சி. ஓடிக்கிட்டு 2,000 வாட் லோடு, மேல ஒரு டிவியும் லைட்டும் சேர்த்து 200 வாட், மூணாவது மாடி பூட்டிக் கிடக்குன்னு வைங்க. மேல்மாடிக்கு 350 வோல்ட்டுக்கு மேல போயிரும். டிவி, ஃபிரிட்ஜ் போர்டு, வைஃபை ரவுட்டர் எல்லாம் ஒரே நொடியில காலி. கம்மியா கரண்ட் செலவு பண்ணின மாடிதான் எரியும், அதுதான் கொடுமை! எம்.சி.பி. இதைப் பிடிக்காது, அது கூடுதல் ஆம்பியரைத்தான் பிடிக்கும். இதுக்கு ஒவ்வொரு மாடி டி.பி.யிலயும் ஓவர் வோல்ட்டேஜ், அண்டர் வோல்ட்டேஜ் புரொடெக்டர் வேணும். அது போட்டிருந்தா லைன் தானா கட் ஆயிடும். ஒரு டிவியோட விலைக்குக் கிட்டக்கூட வராது அது.

இதுல இன்னொரு கெட்ட பழக்கம், பேஸ் சேஞ்சர் சுவிட்ச். ஒரு பேஸ் போனா மூணு மாடிக்காரங்களும் கட்டையைத் திருப்பி மிச்சமிருக்கிற ஒரே பேஸுக்கு வருவாங்க. அந்த ஒரு வயர்ல மூணு ஏ.சி. வெச்சா ஆபத்து, லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும் பேஸ் சேஞ்சர் கொடுத்து, ஏ.சி.யையும் கீசரையும் அதுல இருந்து பிரிச்சு வெச்சா மட்டும்தான் நல்லது.

எர்த் பத்தி ஒரு வரி. எர்த் குழிக்கு உப்பும் கரியும் கொட்டுறது பழைய வழக்கம். உப்பு ஊர்ல உப்பு வாங்கிக் குழியில கொட்டுறதைப் பார்த்தா எனக்குச் சிரிப்புதான் வரும். நம்ம மண்ணுக்கு ஜி.ஐ. பைப் சீக்கிரமே அரிச்சுப் போகும். காப்பர் பூசின ராடு போடுங்க, வருஷத்துக்கு ஒருமுறை மீட்டர் வெச்சு அளந்து பாருங்க.

அப்புறம் 2023 டிசம்பர். 17, 18 தேதிகள்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை. ஒரு வருஷத்துல பெய்ய வேண்டிய மழையை விட அதிகம். தூத்துக்குடி நகரத்துல முத்தம்மாள் காலனி, பிரையண்ட் நகர் மாதிரி பகுதிகள்ல தண்ணி நாள்கணக்கா நின்னுச்சு. கரண்ட்டை அணைக்காம விட முடியாது, அணைச்சாங்க. 1979-ல இருந்து அனல் மின் நிலையம் ஓடுற ஊரு, அப்போ 210 மெகாவாட்ல அஞ்சு யூனிட் வெச்சு ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பின ஊரு, அன்னைக்கு இருட்டுல கிடந்துச்சு.

லைன் திரும்பி வந்தப்போ எல்லா வீட்டுலயும் லைட் எரியல. கீழ்த்தளத்துல இடுப்பளவு தண்ணி ஏறி டி.பி. பாக்ஸ் முங்கின வீடுகள்ல, மேல்மாடி காய்ஞ்சு கிடந்தாலும் அதுக்கும் கரண்ட் கொடுக்க முடியாது, மேல்மாடி லைன் கீழ்மாடி பாக்ஸ் வழியா போனா. இதைத்தான் நான் பிரிச்சு வைங்கன்னு சொல்றேன். மீட்டர் போர்டுலயே மாடிக்கு ஒரு தனி மெயின் சுவிட்ச். அங்க இருந்து ஒவ்வொரு மாடிக்கும் தனி வயர், நேரா அந்த மாடி டி.பி.க்கு. கீழ்த்தளத்தை மட்டும் அணைச்சிட்டு மேல ஓட விடலாம். 2023-ல உங்க தெருவுல தண்ணி எது வரைக்கும் ஏறிச்சுன்னு சுவர்ல கறை இருக்கும், இல்லேன்னா அம்மாவைக் கேளுங்க, துல்லியமா சொல்லுவாங்க. அந்தக் கோட்டுக்கு மேலதான் போர்டு, பிளக், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் இருக்கணும். கீழ்த்தளத்து வயரைத் தரைக்கு அடியில கொண்டு போகாம, சீலிங் வழியா இறக்கச் சொல்லுங்க. இன்வெர்ட்டர் பேட்டரியைப் படிக்கட்டுக்கு அடியில வைக்கிற பழக்கத்தை விடுங்க, முதல் மாடிக்குத் தூக்குங்க.

தண்ணியில முங்கின எம்.சி.பி.யையும் ஆர்.சி.சி.பி.யையும் வெயில்ல காய வெச்சுத் திரும்ப மாட்டக் கூடாது. மாத்தியே ஆகணும். உள்ள சேறும் உப்பும் படிஞ்சிருக்கும், நேரத்துக்கு டிரிப் ஆகாது.

ஆர்.சி.சி.பி.ன்னு சொன்னதும் ஞாபகம் வருது. கரண்ட் மனுஷன் மேல பாய்ஞ்சா 30 மில்லி ஆம்பியர்லயே லைனை அணைக்கிற சாதனம் அது. இப்ப புது இணைப்புக்குப் போனா ஆர்.சி.டி. போட்டிருக்கான்னு கேட்பாங்க. பழைய வீட்டுல போட்டா அடிக்கடி டிரிப் ஆகும், எலக்ட்ரீஷியன் கடுப்பாகி அதை பைபாஸ் பண்ணிட்டுப் போயிடுவார். பெரும்பாலும் காரணம், ஒரு மாடி நியூட்ரலை இன்னொரு மாடிக்குக் கடன் கொடுத்திருப்பாங்க, அல்லது இன்வெர்ட்டர் நியூட்ரலும் இ.பி. நியூட்ரலும் கலந்திருக்கும். புதுப்பிக்கும்போது சுவர் திறந்திருக்கிற அந்த ரெண்டு வாரம்தான் இதைச் சரி பண்ணக் கிடைக்கிற நேரம். மாடிக்கு ஒரு ஆர்.சி.சி.பி. போடுங்க. மொத்த வீட்டுக்கும் ஒண்ணே ஒண்ணு போட்டா, கீழ பாத்ரூம் கீசர்ல லீக் ஆனா மேல்மாடியில வொர்க் ஃப்ரம் ஹோம் பண்றவருக்கு மீட்டிங் கட் ஆகும், அடுத்த வாரமே யாராவது அதைக் கழட்டிடுவாங்க.

கடன், இன்ஷூரன்ஸ் பக்கம் சுருக்கமா. நீங்க குடியிருக்கிற வீட்டைப் புதுப்பிக்க எடுக்கிற கடனோட வட்டிக்கு, பழைய வரி முறையில வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரைக்கும்தான் கழிவு. புது வரி முறையில அதுவும் கிடையாது. அதனால "டாக்ஸ் மிச்சமாகும்"னு சொல்லி யாராவது பெரிய கடனா எடுக்கச் சொன்னா நம்பாதீங்க. வீட்டு இன்ஷூரன்ஸ் மட்டும் கண்டிப்பா எடுங்க. 2021 ஏப்ரல் 1-ல இருந்து எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனமும் பாரத் கிருஹ ரக்‌ஷாங்கிற ஒரே மாதிரியான பாலிசியைத் தரணும். வெள்ளம் அதுல அடங்கும். கட்டிடத்துக்கு எடுத்தா, வீட்டுச் சாமானுக்கும் காப்பீட்டுத் தொகையில 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் தானா சேரும். ஆனா ஷார்ட் சர்க்யூட்ல, ஓவர் லோடுல எரிஞ்சு போன அந்தக் குறிப்பிட்ட கருவிக்கோ வயருக்கோ காசு கிடையாது. வெள்ளத்துல முங்கின டி.பி.க்குப் பணம் வரும், மெல்லிசு வயர் போட்டு எரிய விட்ட டி.பி.க்கு வராது.

எலக்ட்ரீஷியன் கிட்ட பேசும்போது பாயிண்ட் ரேட்டோட சேர்த்து ஒரு தாள்ல படம் வரைஞ்சு கேளுங்க. மீட்டர், மெயின், மூணு டி.பி., ஒவ்வொரு சர்க்யூட்டும் என்ன வயர், என்ன எம்.சி.பி. லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏ.சி., கீசருக்கு 4 சதுர மில்லிமீட்டர். "அண்ணாச்சி, இதை எழுதிக் கொடுத்தா அட்வான்ஸ் இன்னைக்கே தந்துடுறேன்"னு சொல்லிப் பாருங்க. லைசென்ஸ் உள்ளவர் அரை மணி நேரத்துல வரைஞ்சு கொடுத்துடுவார். "அதெல்லாம் எதுக்கு தம்பி, எனக்கு முப்பது வருஷ அனுபவம்"னு சொன்னா, இன்னொருத்தர் கிட்டயும் விலை கேளுங்க. 16 ஆம்பியர் எம்.சி.பி. டிரிப் ஆகுதுன்னு 32 போட்டுட்டுப் போறவங்களும் அதே முப்பது வருஷ அனுபவம் உள்ளவங்கதான்.

மேல் தளம் கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி, மொட்டை மாடியில இருந்து மீட்டர் போர்டு வரைக்கும் காலியா ஒரு பைப்பும், கார் நிறுத்துற இடத்துக்கு ஒரு பைப்பும் விட்டு வெச்சிடுங்க. பி.எம். சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கு, இப்ப வேண்டாம்னாலும் நாளைக்கு ஆசை வரும். எலக்ட்ரிக் காரும் வரும். பூச்சு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள் சாயங்காலம், ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை விரிச்சு வெச்சு போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டு வைங்க. அஞ்சு வருஷம் கழிச்சு டிவி ஸ்டாண்டுக்கு டிரில் போட வர்ற பையன் முதல்ல கேட்கப் போறது, "அண்ணே, இங்க உள்ள வயர் போகுதா?"ன்னுதான்.